‘சும்மா கலாய்ச்சோம் சார்’ என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்

என் மகன் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் பையைக்கூடக் கழற்றாமல் நேராக பாத்ரூமுக்கு ஓடுவான். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வரும். “தண்ணி குடிக்கலைன்னா கல்லு வரும்டா” என்று நானும் மூன்று வாரம் திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, பள்ளிக் கழிப்பறையில் இவன் உள்ளே போனதும் மூன்று பையன்கள் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நின்று சிரிப்பார்களாம். அங்கே போகும் அவசியமே வரக்கூடாது என்று பையன் தண்ணீரையே நிறுத்திவிட்டான்.

பிள்ளைகள் இதையெல்லாம் தானாக வந்து சொல்வது அபூர்வம். ஞாயிறு ராத்திரி வயிற்றுவலி, வாரத்துக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் தொலைவது, “இனிமே வேன் வேண்டாம், நீயே கொண்டு விடு” என்பது, காரணமே இல்லாமல் தங்கையை அடிப்பது, இப்படித்தான் வெளியே வரும். ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், வயிற்றுவலி நிஜ வயிற்றுவலியாகவும் இருக்கலாம், டாக்டரிடமும் காட்டுங்கள். “ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “ம்” என்றுதான் பதில் வரும். “மத்தியானம் யார் பக்கத்துல உக்காந்து சாப்ட்ட?”, “வேன்ல உன் சீட்டு எது?” என்று கேளுங்கள். வண்டியில் பின்னால் உட்கார வைத்துப் போகும்போது கேட்பது இன்னும் நல்லது, நம் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் சொல்லிவிடுவார்கள்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘கலாய்க்கிறது’ என்று ஒரே வார்த்தை இருப்பது பெரிய தொல்லை. நண்பர்கள் ஒருவரை ஒருவர் ஓட்டுவதும் அதுதான், ஒரு பையனை ஆறு மாதம் கருப்பா, குண்டா என்று கூப்பிட்டு அழ வைப்பதும் அதுதான். 1970களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் துன்புறுத்தலை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர், எது துன்புறுத்தல் என்று கண்டுபிடிக்க மூன்று விஷயம் பார்க்கச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு பேருக்கும் பலம் சமமாக இல்லாதது. பலம் என்றால் உடம்பு மட்டும் இல்லை. கூட நிற்கும் ஆள், பெரிய வகுப்பு, சரளமான இங்கிலீஷ், சாதி, எல்லாமே பலம்தான். வீட்டில் நான் வைத்திருக்கும் சோதனை இன்னும் எளிது: நம் பிள்ளை அதே மாதிரி திருப்பிக் கலாய்க்க முடியுமா? ‘போதும்’ என்றால் நிறுத்துகிறார்களா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அது விளையாட்டு இல்லை.

சரி, பிள்ளை சொல்லிவிட்டது. அன்றைக்கு ராத்திரி வாயைக் கட்டுவதுதான் ரொம்பக் கஷ்டம். “நீ என்ன பண்ண?” என்று ஆரம்பித்தால் அதோடு கதை முடிந்தது. “திருப்பி அடிச்சுட்டு வா” என்பது என் அப்பா காலத்து வைத்தியம். அடிக்க முடிந்திருந்தால் பையன் நம்மிடம் வந்திருக்கவே மாட்டான், தவிர டீச்சர் கண்ணில் படுவதும் பெரும்பாலும் இரண்டாவதாக அடித்தவன்தான். “கண்டுக்காத” என்பது ஒரு நாள் கிண்டலுக்குச் சரி, நாலு மாதமாக நடப்பதற்கு அப்படிச் சொன்னால் பொறுத்துக்கொண்டு கிட என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும். “நீ சொன்னது நல்லதாப் போச்சு, உன் மேல தப்பு இல்ல, என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிப்போம்”, இவ்வளவு போதும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், சொல்லியே ஆக வேண்டிய விஷயமாக இருக்கலாம்.

மறுநாளே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். இன்ஸ்டாவிலோ வாட்ஸப்பிலோ நடந்தால், பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் அந்தப் பையன்களில் ஒருவனின் அப்பாவுக்குப் போன் போட்டேன். “பசங்கன்னா அப்படித்தான் சார்” என்றார். மறுநாள் முதல் என் மகனுக்கு ‘போட்டுக்குடுத்தவன்’ என்று புதுப் பட்டம். வகுப்பு வாட்ஸப் குழுவில் எழுதினாலும் இதே கதிதான். நேரம் கேட்டு வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். ‘நடவடிக்கை எடுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் அவரும் பொதுவாகத் தலையாட்டுவார், அதனால் குறிப்பாகக் கேளுங்கள்: இன்டர்வலில் கழிப்பறைப் பக்கம் யார் நிற்பார்கள், வேனில் சீட்டை மாற்ற முடியுமா, அடுத்த வாரம் எந்த நாள் வந்து பார்க்கட்டும். எங்கள் விஷயத்தில் மிஸ் செய்தது சின்ன வேலைதான். வெளித் தாழ்ப்பாளைக் கழற்ற வைத்தார், அதிலேயே பாதி தீர்ந்தது. இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கை குலுக்கச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சமமாகச் சண்டை போட்டவர்களுக்குத்தான் சமரசம்.

வாய்ப்பேச்சில் நடக்கவில்லையென்றால் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அங்கே பெற்றோராக எழுந்து பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளை சாப்பாடு தூக்கம் இல்லாமல் தவித்தாலோ, ‘செத்துடலாம்’ என்று ஒரு தடவை சொன்னாலோகூட, 14416இல் டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி சேவை இருக்கிறது, உடனே பேசுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பாலியல் சீண்டல் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது, பள்ளி ‘உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்’ என்றால் கேட்காதீர்கள்.

சாதிப் பெயர் சொல்லிச் சீண்டினால் அதைக் கிண்டல் கணக்கில் சேர்க்கவே கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்திய தலித் மாணவர், பள்ளியில் புகார் சொன்ன பிறகு வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. ஆகவே எந்தப் புகாராக இருந்தாலும் அதைச் சொன்ன பிள்ளையின் பெயரை யாருக்குச் சொல்வீர்கள், அன்று மாலை எப்படி வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று பள்ளியிடம் முன்பே கேளுங்கள். மிரட்டல் வந்தால் போலீஸுக்குப் போகத் தயங்க வேண்டாம்.

இன்னொன்று. அடுத்த வருஷம் எனக்கே ஒரு போன் வந்தது. திக்கிப் பேசும் ஒரு புதுப் பையனை என் மகனும் சேர்ந்துகொண்டு நடித்துக் காட்டியிருக்கிறான். “பசங்கன்னா…” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கினேன். அந்த அம்மாவிடம் சொன்னதற்கு நன்றி சொன்னேன். இவனை அடிக்கவில்லை. நடந்ததை முழுக்க அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன், ‘சும்மா’ என்ற வார்த்தை இல்லாமல். இரண்டு மூன்று முறை ஆரம்பித்து நிறுத்தினான். முடிக்க அரை மணி நேரம் ஆனது.