பல்செட்டுக்கு முன்பல் தேர்வு: முக அளவில் நேரும் பிழைகள்

பற்கள் எல்லாம் போன பிறகு பல்செட் கட்ட வருபவரின் முன்பல் எவ்வளவு அகலமாக இருந்தது என்று சொல்ல, வாயில் சாட்சி எதுவும் மிஞ்சியிருக்காது. அதனால்தான் முகத்தை அளக்கிறோம். கன்ன எலும்புகளுக்கு இடைப்பட்ட அகலத்தை 16ஆல் வகுத்தால் மேல் நடுப்பல்லின் அகலம், 3.3ஆல் வகுத்தால் மேல் முன்பற்கள் ஆறின் மொத்த அகலம். இதை மாணவப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். வந்த எண்ணை அப்படியே நம்பிப் பல் தொகுப்பை வாங்குவதுதான் பெரிய பிழை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முக அகலம் 132 மி.மீ. என்றால் நடுப்பல் 8.25. பக்கத்து வெட்டுப்பல் சராசரியாக 6.5, கோரைப்பல் 7.5. மூன்றையும் கூட்டி இரட்டித்தால் 44.5 மி.மீ. அதே 132ஐ 3.3ஆல் வகுத்தால் 40 மி.மீ.தான். ஒரே முகத்துக்கு இரண்டு விடைகள், நான்கரை மி.மீ. வித்தியாசம்.

மூக்கு அளவிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. நாசி மடல்களின் ஓரத்திலிருந்து நேர்கோடு இறக்கினால் அது கோரைப்பற்களின் கூர்முனை அருகே வரும் என்பது விதி. அப்படியானால் கிடைப்பது முனையிலிருந்து முனை வரையுள்ள அளவு மட்டுமே. கோரைப்பல்லின் பின்பாதி இரு பக்கமும் விடுபட்டுப்போகிறது. தவிர, மூக்கை அளப்பது நேர்கோட்டில். பற்கள் நிற்பதோ வளைவில். நோயாளி சிரித்தாலே மூக்கு விரியும். அளவெடுக்கும் கருவியான காலிப்பரை அழுத்தினால் சுருங்கும். மடலை மெல்லத் தொட்ட நிலையில் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. இந்த விதிகளில் பல மேல்நாட்டு முகங்களை அளந்து வந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். அகன்ற மூக்குக்கு அவை அப்படியே பொருந்தாது.

உதட்டோரங்களை வைத்துக் கோரைப்பல்லின் இடம் குறிப்பவர்கள், மெழுகு பைட் ரிம்மை (பற்கள் வரவேண்டிய இடத்தில் நிற்கும் மெழுகு வரம்பை) வாயில் வைத்து உதட்டுக்குத் தாங்கல் கொடுத்த பிறகே குறிக்க வேண்டும். பல ஆண்டுகள் பல்லின்றி இருந்தவரின் உதடு உள்ளே ஒடுங்கியிருக்கும். வெறும் வாயில் அளந்தால் பல் சிறுத்துவிடும். சிறிய பல்லை அடுக்குவது எளிது என்பதால் நம் கையும் தானாக அதற்கே போகும். பொய்ப்பல் என்று பார்த்தவுடன் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். இரண்டு அளவுகளுக்கு நடுவே தயங்கினால் பெரியதை எடுங்கள்.

பழைய புகைப்படத்தைக் கேட்காமல் விடுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. கல்யாண ஆல்பத்தில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு படம் போதும். முகம் நேராகத் திரும்பியிருக்க வேண்டும். படத்தில் கண்மணிகளுக்கு இடையே 20 மி.மீ., நேரில் 60 மி.மீ. என்றால், படத்தில் 2.8 மி.மீ. தெரியும் பல்லின் உண்மையான அகலம் 8.4 மி.மீ. எந்தச் சூத்திரத்தையும்விட இது அவருடைய சொந்தப் பல்லுக்கு நெருக்கமானது.

பல்லின் நீளத்தை முகக் கணக்கு தீர்மானிக்காது. உதடும் பேச்சும்தான் தீர்மானிக்கும். ஆங்கிலப் பாடநூல் சொல்லும் 'ஃபிஃப்டி ஃபைவ்' சோதனை, கீழுதடு மேல்பல்லைத் தொடும் ஒலிகளை நம்பியது. அதை மொழிபெயர்த்து 'ஐம்பத்தைந்து' என்று சொல்லச் சொல்வதில் பயனில்லை. அதில் கீழுதடு மேல்பல்லைத் தொடுவதே இல்லை. பற்களை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் மெழுகு ட்ரையலில் நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து 'வாழை, விவசாயம், வேப்பிலை' என்று சொல்லச் சொல்லுங்கள். நடுப்பல்லின் விளிம்பு, கீழுதட்டின் ஈரப்பகுதியும் உலர்பகுதியும் சேரும் கோட்டில் மெல்லப் படுகிறதா என்று பாருங்கள்.