பூமி சூடாகவில்லை என்கிற கூற்றை நீங்களே சரிபார்ப்பது எப்படி?

"பூமி சூடாவது எப்போதோ நின்றுவிட்டது." "விஞ்ஞானிகள் எண்களைத் திருத்துகிறார்கள்." "ஆர்க்டிக் பனி திரும்பி வந்துவிட்டது." நான் இயற்பியல் ஆசிரியை என்பதால் இந்த மாதிரிக் கூற்றுகளை மாணவர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கொண்டுவந்து, உண்மையா என்று கேட்பார்கள். "எல்லாம் பொய், விடு" என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை. கேட்டவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. தவிர, இவற்றில் பல முழுப் பொய்யும் இல்லை. உண்மையான ஓர் எண்ணை எடுத்து, அது தாங்காத முடிவை அதன்மேல் ஏற்றியிருப்பார்கள். எண் சரியா என்பது ஒரு கேள்வி. முடிவு அதிலிருந்து வருகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்க்க அறிவியல் பட்டம் தேவையில்லை.

முதலில் அந்தக் கூற்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எதை அளந்தார்கள், எந்த இடத்தில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். அப்படி எழுதவே முடியவில்லை என்றால் சரிபார்க்க அங்கே ஒன்றும் இல்லை. அனுப்பியவரிடம் அந்த மூன்றையும் கேளுங்கள்.

அடுத்தது தொடக்க ஆண்டு. நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். "1998-க்குப் பிறகு வெப்பம் உயரவில்லை" என்ற பேச்சு பல ஆண்டுகள் நாளிதழ்களிலும் அரசியல் மேடைகளிலும் ஓடியது. அதைச் சோதிக்க நாசாவின் உலகச் சராசரி வெப்பநிலை அட்டவணை போதும். 1880 முதல் ஆண்டுவாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. எக்செல்லில் திறந்து 1998-ஐயும் 2008-ஐயும் மட்டும் பக்கத்தில் வையுங்கள். 2008 குளிர்ந்த ஆண்டாகத் தெரியும். இப்போது 1998-ஐ எடுத்துவிட்டு 1999-ஐ வையுங்கள். அதே 2008 சூடான ஆண்டாகிவிடும். காரணம், 1997-98இல் வந்த மிக வலுவான எல் நினோ. பசிபிக் கடலின் வெப்பம் காற்றுக்கு ஏறியதால் 1998 தனியே துருத்திக்கொண்டு நிற்கிறது. தொடக்கத்தை ஓர் ஆண்டு தள்ளினாலே தலைகீழாகிற முடிவு, பூமியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அப்புறம் 1880 முதல் முழு வரைபடத்தையும் போட்டுப் பாருங்கள். நாசா கணக்கில் 2005-ம் 2010-ம் 1998-ஐத் தாண்டின. 2024-ஆம் ஆண்டின் சராசரி 1850-1900 காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. காலநிலைச் சராசரிக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் காலம் 30 ஆண்டுகள். பத்து ஆண்டுத் துண்டு ஒன்றை யாராவது காட்டினால், மீதி எங்கே என்று கேளுங்கள்.

ஆர்க்டிக் பனிக்கும் இதே சோதனைதான். 2012 செப்டம்பரில் கடல் பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவில் அதுதான் மிகக் குறைந்த அளவு. அடுத்த ஆண்டு அது 50 லட்சத்தைத் தொட்டதும், பனி மீண்டுவிட்டது என்ற செய்தி கிளம்பியது. 1979 முதல் உள்ள பதிவை விரித்துப் பாருங்கள். 1980-களில் செப்டம்பர் அளவு 70 லட்சத்தை ஒட்டி இருந்தது.

இடத்தையும் கவனியுங்கள். 2007-இல் கனடாவைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கின்டைர், நாசாவின் அமெரிக்க வெப்பநிலைப் பதிவில் 2000-க்குப் பிந்தைய எண்களில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். நாசா அதைத் திருத்தியது. அவர் செய்தது நல்ல வேலை, அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆனால் திருத்தத்தால் மாறியது அமெரிக்க நிலப்பரப்பில் 1934, 1998 ஆகிய ஆண்டுகளின் வரிசை. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்கா பூமியின் பரப்பில் இரண்டு சதவீதம்கூட இல்லை. உலகச் சராசரி ஏறக்குறைய அசையவே இல்லை. பேச்சில் பரவியதோ, "பூமியின் மிகச் சூடான ஆண்டு 1934" என்பது.

எண்களைத் திருத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரே ஒரு தகவல் போதும். பழைய கப்பல்களில் வாளியில் கடல்நீர் மொண்டு வெப்பநிலை பார்த்தார்கள். வாளியிலேயே நீர் கொஞ்சம் குளிர்ந்துவிடும் என்பதால் பழைய எண்களை உயர்த்தித் திருத்துகிறார்கள். கடலும் நிலமும் சேர்ந்த கணக்கில், திருத்தங்களுக்குப் பிறகு நூற்றாண்டு வெப்ப உயர்வு குறைகிறது. மிகைப்படுத்த நினைப்பவர் இப்படியா திருத்துவார்?

மேற்கோள் வந்தால் முன்னும் பின்னும் தேடிப் படியுங்கள். 2009 நவம்பரில் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வுப் பிரிவின் மின்னஞ்சல்கள் திருடி வெளியிடப்பட்டன. ஒன்றில் "சரிவை மறைக்க" என்றொரு சொற்றொடர். வெப்பநிலை சரிவதை மறைத்தார்கள் என்று உலகம் புரிந்துகொண்டது. ஆனால் அது 1999-இல் எழுதிய கடிதம். 1998 அதுவரை பதிவானதிலேயே மிகச் சூடான ஆண்டு, அப்போது மறைக்க எந்த வெப்பநிலைச் சரிவும் இல்லை. பேசியது, உலக வானிலை அமைப்பின் அறிக்கைக்கான ஒரு வரைபடத்தில் வந்த மர வளையங்களைப் பற்றி. வெப்பமானி இல்லாத காலத்தின் வெப்பநிலையை அவற்றை வைத்துத்தான் கணிப்பார்கள். வடபகுதிக் காடுகள் சிலவற்றில், சுமார் 1960-க்குப் பிறகு மர வளையங்களின் அடர்த்தி வெப்பமானியோடு சேர்ந்து ஏறுவதில்லை. இந்தச் சிக்கலை அதற்கு முன்பே ஆய்விதழ்களில் அவர்கள் எழுதியும் இருந்தார்கள். பின்னர் அந்தப் பல்கலைக்கழகம் அமைத்த மியூர் ரஸ்ஸல் விசாரணை, விஞ்ஞானிகளின் நேர்மையில் சந்தேகமில்லை என்றது. கூடவே, அவர்கள் தரவைப் பகிர்வதில் போதிய வெளிப்படைத்தன்மை காட்டவில்லை என்றும், அறிக்கைக்குக் கொடுத்த அந்த வரைபடம் தவறான எண்ணம் தரக்கூடியது என்றும் கண்டித்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியை விழுங்கினால் நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம்.

எனக்கு வருத்தம் காலக்கணக்கில்தான். மின்னஞ்சல்கள் வந்தது கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு. விசாரணை முடிவு வந்தது 2010 ஜூலையில். அதற்குள் அந்தச் சொற்றொடர் பலர் மனதில் படிந்துவிட்டது. ஆகவே பரபரப்பான செய்தி வந்தால் அன்றே முடிவெடுக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே பெயரைத் தேடிப் பாருங்கள்.

சொன்னவர் யார் என்பதைக் கடைசியில் பாருங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் பார்ப்பது, பதில் கிடைத்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதை. பெர்க்லி இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் வெப்பநிலைப் பதிவுகளைச் சந்தேகித்தார். ஒரு குழு சேர்த்து எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டார். நிதி கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. உயர்வு உண்மை என்று முடிவு வந்தது. 2012-இல், காரணம் மனிதர்களே என்று வெளிப்படையாக எழுதினார். ஐயம் என்றால் இப்படி இருக்க வேண்டும். ஒரு கூற்றுக்குப் பதில் வந்ததும் அதை விட்டு அடுத்ததற்குத் தாவி, சில மாதம் கழித்துப் பழையதையே மீண்டும் கொண்டுவருபவரோடு நீண்ட நேரம் மல்லுக்கட்ட வேண்டாம்.

விமரிசனம் சரியாக இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடும் என்று, காலநிலை ஆய்வுகளை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அது தவறு, 2010 ஜனவரியில் ஐபிசிசியே அதை ஏற்றது. பனியாறுகள் உருகிச் சுருங்குவது உண்மைதான், அந்த வேகத்தில் இல்லை.

பதில் எழுதும்போது தவறான கூற்றைத் தலைப்பில் போடாதீர்கள். உண்மையை முதல் வரியில் சொல்லி, கூற்று எங்கே வழுக்கியது என்பதை அடுத்த வரியில் காட்டி, முழுப் பதிவின் வரைபடத்தை இணையுங்கள். கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெப்பமடைதல் நடக்கிறதா என்று இரு தரப்பை உட்காரவைக்காதீர்கள். பல ஆண்டுகள் அப்படிச் செய்த பிபிசியே, சமநிலைக்காக ஒரு மறுப்பாளரை அழைக்க வேண்டியதில்லை என்று 2018-இல் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. விவாதிக்க உண்மையான கேள்விகள் இருக்கின்றன. கரியமில வாயு இருமடங்கானால் வெப்பம் எவ்வளவு உயரும் என்பதற்கு ஐபிசிசி 2021-இல் தந்த வாய்ப்புள்ள வரம்பு 2.5 முதல் 4 டிகிரி வரை. இவ்வளவு அகலமாக இருப்பதற்கு மேகங்கள் முக்கியக் காரணம். மேகங்களை ஆராய்கிற ஒருவரை அழைத்துப் பேசவையுங்கள்.