அலுவலக மெயில் சர்வர்: வெளியே போகும் மெயிலுக்கும் காவல் வேண்டும்

மெயில் சர்வர் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் ஸ்பேமைத்தான் நினைக்கிறார்கள். உள்ளே வரும் குப்பை எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தின் மெயிலே முடங்கிப்போவதை நான் பார்த்தது வெளியே போன மெயிலால். நான் கவனித்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒருவருடைய பாஸ்வேர்டு திருடு போனது. வெள்ளி இரவு தொடங்கித் திங்கள் காலை வரை அந்த ஒரே கணக்கிலிருந்து ஸ்பேம் போய்க்கொண்டே இருந்தது, எங்கள் ஐபி (இணையத்தில் சர்வரின் எண் முகவரி), ஸ்பேம் அனுப்புபவர்களைக் குறித்து வைக்கும் தடைப்பட்டியல்களில் ஏறிவிட்டது. பாஸ்வேர்டை மாற்ற இரண்டு நிமிடம்தான் ஆனது. எங்கள் பில்கள் வாடிக்கையாளர்களின் இன்பாக்ஸில் மறுபடி ஒழுங்காக விழ இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து எந்த மெயில் அமைப்பைத் திட்டமிட்டாலும் போகும் வழியைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறேன்.

சரி, அமைப்புக்கு வருவோம். மெயிலை வாங்குவது, சேர்த்து வைப்பது, அனுப்புவது என்று மூன்று வேலைகள். மூன்றையும் ஒரே சர்வரில் போடாதீர்கள். வாங்கும் கேட்வே (வெளி மெயில் முதலில் வந்து சேரும் சர்வர்) டிஎம்இசட்டில், அதாவது இணையத்துக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவே பயர்வால் பிரித்து வைக்கும் தனிப் பகுதியில் இருக்கட்டும். இணையத்திலிருந்து அதற்குப் போர்ட் 25, அதாவது சர்வர்கள் மெயில் பரிமாறும் வாசல், மட்டும் திறந்தால் போதும். மெயில்பாக்ஸ் சர்வர் உள் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், அதன் வெப்மெயில் பக்கத்தை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது. 2021 மார்ச்சில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் ஓட்டைகளை நினைத்துப் பாருங்கள்: வெப் பக்கங்களுக்கான போர்ட் 443ஐ எட்டினால் போதும், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய முடிந்தது. விபிஎன்னுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பேட்ச் போடக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

அனுப்புவதற்குத் தனி சர்வர், தனி ஐபி. பயர்வாலில் வெளிநோக்கிய போர்ட் 25 அந்த ஒரு சர்வருக்கு மட்டும் திறந்திருக்கட்டும். ஊழியர்களின் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எதுவும் நேராக வெளியே மெயில் அனுப்பக் கூடாது. இந்த ஒரு விதி போட்டால், வைரஸ் புகுந்த லேப்டாப் ஒன்று உங்கள் ஐபியின் பெயரைக் கெடுக்கும் வழி அடைபட்டுவிடும். செலவும் இல்லை.

கேட்வேக்கு உங்கள் ஊழியர்களின் முகவரிப் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இல்லாத முகவரிக்கு மெயில் வந்தால், அனுப்பும் சர்வர் இணைப்பில் இருக்கும்போதே 550 என்ற மறுப்பு எண்ணைச் சொல்லி மறுத்துவிட வேண்டும். முதலில் வாங்கிக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பினால், அது போலி அனுப்புநர் முகவரியின் உண்மைச் சொந்தக்காரர் தலையில் போய் விழும்; அப்போது ஸ்பேம் அனுப்புவது நீங்கள்தான். இரண்டாவது எம்எக்ஸ் (டொமைனுக்கு வரும் மெயிலை வாங்கும் சர்வர் என்று டிஎன்எஸ்ஸில் குறிப்பது) வைப்பதிலும் இதே கவனம் வேண்டும். எங்கோ மூலையில், பட்டியலும் வடிகட்டியும் இல்லாமல் ஒரு பழைய சர்வர் பேக்கப் எம்எக்ஸாக உட்கார்ந்திருந்தால் ஸ்பேமர்கள் அதைத்தான் தேடி வருவார்கள். வைப்பதென்றால் முதலாவதைப் போலவே வையுங்கள், முடியாவிட்டால் வேண்டாம். உங்கள் சர்வர் சில மணி நேரம் கிடையாகக் கிடந்தாலும் மெயில் தொலையாது, அனுப்பும் சர்வர் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். குறைந்தது 4, 5 நாள் முயலும்படிதான் மெயில் அனுப்பும் முறையை வகுக்கும் எஸ்எம்டிபி தரநிலையே சொல்கிறது.

ஊழியர்கள் மெயில் அனுப்பப் போர்ட் 465 அல்லது 587. போர்ட் 25 சர்வரும் சர்வரும் பேச மட்டுமே, அதில் லாகின் வசதியை அணைத்துவிடுங்கள். இணைப்பைப் பூட்டும் குறியாக்கமான டிஎல்எஸ்ஸில் 1.2 பதிப்புக்குக் கீழே ஊழியர் பக்கம் எதையும் அனுமதிக்க வேண்டாம். சர்வர்களுக்கு இடையே அந்தக் குறியாக்கத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ், முடிந்தால் பூட்டு, முடியாவிட்டால் திறந்தபடி என்ற ரகம். நடுவில் இருப்பவர் அதை நீக்கிவிட முடியும். அதற்குத்தான், எங்களுக்கு வரும் மெயில் பூட்டியே வர வேண்டும் என்று அறிவிக்கும் எம்டிஏ-எஸ்டிஎஸ் 2018இல் வந்தது. முதலில் சோதனை நிலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கட்டாயமாக்குங்கள்.

இப்போது டிஎன்எஸ். அனுப்பும் ஐபிக்கு ரிவர்ஸ் ரெக்கார்டு (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) வேண்டும், அது காட்டும் பெயர் திரும்ப அதே ஐபிக்கு வர வேண்டும். உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான், அதைச் சரிபார்க்கும்போது 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது. இந்த 10இல்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். மார்க்கெட்டிங் பிரிவு ஒரு சேவை வாங்கும், மனிதவளப் பிரிவு இன்னொன்று வாங்கும், ஒவ்வொன்றும் தன் வரியைச் சேர்க்கச் சொல்லும். ஒருநாள் எண்ணிக்கை தாண்டி முழு ரெக்கார்டும் பிழையாகிவிடும். அப்படிப்பட்ட சேவைகளுக்குத் தனி சப்டொமைன் கொடுத்துவிடுங்கள், முதன்மை டொமைனின் நற்பெயரும் தப்பிக்கும். போகும் மெயிலில் டொமைனின் கையொப்பம் போடுவது டிகிம், அதன் கீ 2048 பிட் இருக்கட்டும். டிஎன்எஸ்ஸில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துதான் என்பதால் அதை இரண்டாக உடைத்துப் போட வேண்டும். ‘கீ செல்லவில்லை’ என்று வரும் புகார்களில் பல இந்த உடைப்பில் ஏற்பட்ட தவறுதான்.

எஸ்பிஎஃப், டிகிம் இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். அதை முதலில் ‘நன்’ (எதுவும் செய்யாதே) கொள்கையில் போட்டு, வரும் அறிக்கைகளைச் சில வாரம் படியுங்கள். உங்கள் பெயரில் மெயில் அனுப்பும், நீங்களே மறந்துபோன ஏதோ ஒரு பழைய மென்பொருள் அதில் தலைகாட்டும். அவற்றைச் சரிசெய்தபின் குவாரண்டைன் (ஸ்பேமில் போடு), அப்புறம் ரிஜெக்ட் (மறுத்துவிடு). ‘நன்’னிலேயே நின்றுவிட்டால் உங்கள் பெயரில் போலி மெயில் போவதை அது தடுக்காது. மெயில் அனுப்பாத டொமைன்கள் சும்மா வைத்திருந்தால் அவற்றுக்கும் ரிஜெக்ட் போட்டு, எவருக்கும் அனுமதி இல்லை என்று எஸ்பிஎஃப்பும் எழுதி வையுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புபவர்களிடம் கூகுள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது.

இனி, திருடுபோகும் கணக்குகள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எல்லோருக்கும் வேண்டும், நிர்வாக இயக்குநருக்கும் சேர்த்து. வெறும் பாஸ்வேர்டில் ஓடும் பழைய ஐமேப் (மெயில் ஆப்கள் மெயிலைப் படிக்கும் வழி) இணைப்பை வெளியிலிருந்து மூடாவிட்டால் அந்தச் சரிபார்ப்பால் பயனே இல்லை, திருடன் அந்த வழியாகத்தான் வருவான். லாகின் செய்தவர் தன் முகவரியில் மட்டுமே அனுப்ப முடியும்படி கட்டுங்கள். ஒரு கணக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை மெயில்தான் அனுப்பலாம் என்று உச்சவரம்பு வையுங்கள். எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் சர்வரின் லாகை (அனுப்பியவற்றின் பதிவேட்டை) இரண்டு வாரம் பார்த்து, சாதாரண ஊழியர் அனுப்பிய அதிகபட்சத்தைப் போல் இரு மடங்கு வைத்தால் யாரும் முனகமாட்டார்கள். பிரிண்டருக்கும் பில்லிங் மென்பொருளுக்கும் தனித்தனிக் கணக்கு, குறிப்பிட்ட ஐபியிலிருந்து மட்டும்.

வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு செய்வதை மொத்தமாக அணையுங்கள். திருடன் உள்ளே வந்ததும் பல நேரம் முதலில் செய்வது, வரும் பதில்களைத் தனக்கு ஃபார்வர்டு செய்து, சொந்தக்காரர் கண்ணில் படாமல் அழிக்கும் ஒரு விதியை எழுதுவது. பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அந்த விதி அங்கேயே இருக்கும். ஆகவே கணக்கை மீட்கும்போது திறந்திருக்கும் செஷன்களை வெட்டுங்கள், ஆப் பாஸ்வேர்டுகளை நீக்குங்கள், விதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், க்யூவில் கிடக்கும் ஸ்பேமையும் துடைத்தெறியுங்கள்.

அலாரம் ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் வெளியே போகும் க்யூவின் நீளத்துக்கு வையுங்கள். அது திடீரென வீங்கினால் ராத்திரி 2 மணியானாலும் போன் அடிக்க வேண்டும். அந்த அலாரம் இருந்திருந்தால் எங்களுக்கு அந்த வெள்ளி இரவே தெரிந்திருக்கும்.

உள்ளே வரும் ஸ்பேமை வடிகட்ட ஆர்ஸ்பேம்டி நல்ல கருவி. தடைப்பட்டியல்களைக் கேட்க உங்கள் சொந்த டிஎன்எஸ் ரிசால்வரை (டிஎன்எஸ்ஸில் தேடித் தரும் சர்வரை) பயன்படுத்துங்கள், கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் இலவசத் தடைப்பட்டியல் சரியான பதில் தராது. இயங்கக்கூடிய ஃபைல்களையும் மேக்ரோ உள்ள ஆவணங்களையும் வாசலிலேயே மறுத்துவிடலாம். பேட்ச்களைத் தள்ளிப்போடாதீர்கள்: 2023 டிசம்பரில், ஒரு மெயிலுக்குள் இன்னொரு போலி மெயிலை ஒளித்துக் கடத்தும் எஸ்எம்டிபி ஸ்மக்ளிங் வெளியானபோது போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம், சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருள்கள் மூன்றுக்கும் திருத்தம் தேவைப்பட்டது.

பேக்கப்பில் மெயில்பாக்ஸோடு டிகிம் கீ, சான்றிதழ், டிஎன்எஸ் பதிவுகளின் நகல், கன்ஃபிக் ஃபைல்கள் எல்லாம் சேரட்டும். பேக்கப் சர்வரின் லாகின், அலுவலக லாகினோடு இணைந்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தனி நெட்வொர்க்கில் எல்லாவற்றையும் மீட்டெடுத்துப் பாருங்கள், ஆனால் சர்வரை எழுப்பும் முன் அந்த நெட்வொர்க்கின் வெளிநோக்கிய போர்ட்களை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேக்கப்போடு வந்த பழைய க்யூ உயிர்பெற்று, ஏற்கெனவே போன மெயிலெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு இரண்டாம் முறை போய்ச் சேரும்.