பக்கவாதம் வந்த வீட்டில் செய்யக் கூடாதவை

பெரியப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்தபோது காலை 6.15 மணி. தலைக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது மணி 11.30. அவர் வீடு பெரம்பூரில். சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆட்டோவில் போனால்கூட அரை மணி நேரம் ஆகாது. அப்படியானால் ஐந்தேகால் மணி நேரம் எங்கே போனது? சில வாரங்கள் கழித்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

அசதியாக இருக்கும் என்று படுக்க வைத்தது ஒன்றரை மணி நேரம். காபி கொடுத்தது, தைலம் தேய்த்தது, ஆவடியில் இருக்கும் அண்ணனுக்குத் தகவல் சொல்லி அவன் வரக் காத்திருந்தது முக்கால் மணி நேரம். ரத்த அழுத்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து, அழுத்தம் இறங்கட்டும் என்று பார்த்திருந்தது அரை மணி நேரம். தெருமுனையில் இருந்த நர்ஸிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றியதும், அங்கே ஸ்கேன் வசதி இல்லை என்று தெரிந்ததும் ஒன்றரை மணி நேரம். வண்டி பிடித்து அடுத்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து ஸ்கேன் அறைக்குள் நுழைய ஒரு மணி நேரம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். அது 10.45-க்கு முடிந்தது. அந்த நிமிடத்தில் நாங்கள் நர்ஸிங் ஹோம் வாசலில் வண்டியை எதிர்பார்த்து நின்றிருந்தோம்.

அந்தத் தாளில் அலட்சியம் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொன்றும் யாரோ பதறிப்போய், பாசத்தோடு செய்த உதவி. அதனால்தான் இதை எழுதுகிறேன். பக்கவாதம் வந்த வீட்டில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இந்த உதவிகள்தான்.

படுத்து எழுந்தால் சரியாகிவிடுமா?

மாரடைப்பு வலிக்கும், வலி ஆளைக் கிளப்பிவிடும். பக்கவாதம் பெரும்பாலும் வலிப்பதில்லை. கை கனக்கிறது, வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. கையை மடக்கிப் படுத்திருப்பார், மரத்துப்போயிருக்கும் என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொள்கிறோம். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் இறக்கின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வெளியானது. எங்கள் வீட்டில் போர்வை போர்த்திவிட்ட அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அது 17 கோடி.

சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு முழு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று பிசகினாலும், திடீரென்று நடை தள்ளாடினாலும், ஒரு பக்கப் பார்வை மங்கினாலும் 108-ஐ அழைக்க அதுவே போதும். அண்ணன் நேரே மருத்துவமனைக்கு வந்துகொள்ளட்டும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பெரியம்மா 6.15 என்றார், அண்ணன் 7 மணி இருக்கும் என்றான், பக்கத்து வீட்டுக்காரர் 8 என்றார். அவரவர் மனத்தில் பதிந்த நேரத்தைச் சொன்னார்கள். தூக்கத்திலிருந்து எழும்போதே கை வராமல் இருந்தால், இரவு படுக்கப்போன நேரத்திலிருந்துதான் கணக்கு.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "நாலரை மணி நேரம் ஆகிவிட்டது, இனி போய் என்ன?" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வது. 2018-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதை மாற்றிவிட்டன. தூக்கத்தில் பக்கவாதம் வந்து, நேரம் தெரியாதவர்களில் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்துக் கரைக்கும் ஊசி போடலாம் என்று ஒன்று காட்டியது. டான் என்ற மற்றொன்றில், கடைசியாக நன்றாக இருந்து 6 முதல் 24 மணி நேரம் ஆனவர்களில், பெரிய குழாய் அடைபட்டும் மூளையின் கணிசமான பகுதி இன்னும் பிழைத்திருந்தவர்களை ஸ்கேன் மூலம் தேர்ந்தெடுத்து, தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை வெளியே இழுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, அப்படிச் செய்துகொண்டவர்களில் 49 சதவீதம் பேர் பிறர் துணையின்றி வாழ்ந்தார்கள். செய்துகொள்ளாதவர்களில் 13 சதவீதம் பேர்தான். எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துமா என்று ஸ்கேன்தான் சொல்ல முடியும். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாம் முடிவுசெய்யக் கூடாது.

வாயில் ஒன்றும் வேண்டாம்

காபி, வெந்நீர், சோடா, மாத்திரை எதுவுமே வேண்டாம். பேச்சு குழறுகிறவருக்கு விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். பாசத்தோடு ஊற்றிய ஒரு வாய் காபி நுரையீரலுக்குள் இறங்கி, மூன்றாம் நாள் நிமோனியாவாக வரலாம்.

பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் வடித்தால் வாதம் நின்றுவிடும் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பொய். விழுந்த கையில் புறா ரத்தம் தடவுவதும் அப்படித்தான். பழுது மூளையில் இருக்கிறது, கையில் இல்லை. விரலில் ஊசி குத்துவதில் பயனுள்ளது ஒன்றே ஒன்று: சர்க்கரை நோயாளி என்றால், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், அதற்கான ஒரு சொட்டு. சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும். அந்த எண்ணை 108 ஊழியரிடம் சொல்லுங்கள்.

நாங்கள் செய்ததிலேயே என்னை அதிகம் உறுத்துவது ரத்த அழுத்த மாத்திரை. பெரியப்பாவுக்கு மேல் அளவு 190 காட்டியது. இறக்கினால் நல்லதுதானே என்று நினைத்தோம். மூளைக்குழாய் அடைபடும்போது, சுற்றியிருக்கும் சிறு குழாய்கள் வழியாகக் கொஞ்சம் ரத்தமாவது போய்ச் சேரட்டும் என்று உடம்பே அழுத்தத்தை ஏற்றிப் பிடிக்கிறது. அதை நாம் சட்டென்று இறக்கினால் அந்தக் கடைசி வழியும் வறண்டுபோகும். ரத்தக்குழாய் வெடித்துக் கசிகிற பக்கவாதத்தில் கதை தலைகீழ். அங்கே அழுத்தத்தைச் சீக்கிரம் இறக்குவது நல்லது. 2024-இல் வெளியான இன்டராக்ட்4 என்ற சீன ஆய்வு இதை நேராகவே சோதித்தது. 2,404 பேருக்கு ஆம்புலன்ஸிலேயே அழுத்தத்தை இறக்கும் சிகிச்சையைத் தொடங்குவதா வேண்டாமா என்று பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பிரித்துப் பார்த்தால், கசிவு வந்தவர்களுக்கு நன்மை, அடைப்பு வந்தவர்களுக்குத் தீமை. பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் குழுவுக்கே வெளியிலிருந்து பார்த்து எது எதென்று தெரியாதபோது, நமக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பிரினும் இதே காரணத்தால்தான் ஸ்கேனுக்கு முன் கூடாது. அடைப்புக்கு அது மருந்து. கசிவுக்கு அது நெருப்பில் ஊற்றும் எண்ணெய்.

அருகில் இருக்கும் இடம் எல்லாம் சரியான இடம் இல்லை

சென்னையில் நாம் தெருமுனை கிளினிக்கைத் தாண்டித்தான் எங்கும் போகிறோம். "முதலில் இங்கே காட்டிவிடலாம்" என்று கால் தானாகத் திரும்புகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் சி.டி. உண்டா, கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் இல்லாத இடத்தில் இறங்காதீர்கள். நம் வீட்டுக்கு அருகில் அப்படி எது இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளலாம். கட்டியை இழுத்து எடுக்கும் வசதி எல்லா இடத்திலும் இருக்காது. அதற்காகத் தயங்க வேண்டாம். கட்டியைக் கரைக்கும் ஊசிகளில் பழைய மருந்தான ஆல்டிப்ளேஸை ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். டெனெக்டிப்ளேஸ் சில நொடிகளில் ஒரே ஊசியாகப் போட்டு முடிகிறது. கனடாவில் ஏறத்தாழ 1,600 பேரிடம் ஒப்பிட்டு, அது பழையதற்குக் குறைந்ததல்ல என்று 2022-இல் காட்டினார்கள். ஊசியை இங்கே போட்டு, உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப இது மிகவும் வசதி.

வார்டில் சேர்த்த மறுநாளே தூக்கி நடக்கவைக்க உறவினர்கள் துடிப்பார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாக நடக்கவைத்தால் மூன்று மாதம் கழித்துப் பலன் குறைகிறது என்று 2015-இல் ஆவர்ட் ஆய்வு சொன்னது. எவ்வளவு, எப்போது என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.

வந்து போன வாதம்

உண்மையில் எங்கள் தவறு அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கவில்லை. பத்து நாட்களுக்கு முன்னால், காய்கறி வாங்கப்போன இடத்தில், பெரியப்பாவுக்குப் பத்து நிமிடம் பேச்சு வரவில்லை. பிறகு வந்துவிட்டது. பித்தம் என்றார். இஞ்சி தட்டிச் சாறு எடுத்துக் குடித்தார். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

வந்து போனதை அத்தோடு முடிந்ததாக எடுத்துக்கொள்வதைவிடப் பெரிய தவறு இந்த நோயில் இல்லை என்று நினைக்கிறேன். அது சிறிய கட்டி ஒன்று அடைத்து, தானே கரைந்து வழிவிட்ட நிகழ்ச்சி. அடுத்தது கரையும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதுவும் முதல் சில நாட்களில்தான் ஆபத்து குவிந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டில் இத்தகையவர்களையும் லேசான பக்கவாதம் வந்தவர்களையும் அன்றைக்கே பார்த்து அன்றைக்கே மருந்து தொடங்கியபோது, அடுத்த 90 நாட்களில் மீண்டும் பக்கவாதம் வருவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாக இறங்கியது. 2007-இல் வெளியான ஆய்வு அது. கொடுத்ததெல்லாம் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை. எல்லாமே நம் ஊர் மருந்துக்கடையில் கிடைப்பவை. 2013-இல் சீனாவில் இத்தகைய 5,170 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஆஸ்பிரினுடன், ரத்தம் உறையாமல் தடுக்கும் மற்றொரு மாத்திரையான க்ளோபிடோக்ரெலையும் முதல் மூன்று வாரங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். தனி ஆஸ்பிரினில் 11.7 சதவீதம் பேருக்கு மீண்டும் வந்த பக்கவாதம், இதில் 8.2 சதவீதம் பேருக்கு வந்தது. அந்தப் பத்து நாட்களை நினைக்கும்போதெல்லாம் இந்த எண்கள் என்னைச் சுடுகின்றன.

இந்த இரட்டை மாத்திரை சில வாரங்களுக்குத்தான். மருத்துவர் ஒன்றை நிறுத்தச் சொல்லியும், பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் இரண்டையும் வாங்கி விழுங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தக்கசிவுக்கு அது வழி.

மாத்திரைப் பெட்டியில் நடக்கும் தவறுகள்

"பிரஷர் நார்மலாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்." மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மல். பெரியப்பா இரண்டு மாதம் நிறுத்தியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. காலையா இரவா என்று குழம்ப வேண்டாம்: பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டோரை ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்த ஆய்வில் (2022) இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

எதற்கும் இருக்கட்டும் என்று தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய. இதய நோயோ பக்கவாதமோ வராத, பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,114 பேரிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் (2018) அதனால் பக்கவாதமோ மாரடைப்போ குறையவில்லை, ரத்தக்கசிவு கூடியது. ஏற்கெனவே மாரடைப்போ அடைப்பால் பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

அழுத்தம் பார்ப்பதிலேயே பிழை நடக்கிறது. கையை மடியில் வைத்தால் மேல் அளவு ஏறத்தாழ 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 புள்ளியும் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2024-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் பிழை இன்னும் பெரிது. முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை இதய உயரத்தில் மேசைமேல் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

உப்பு பற்றி ஒன்றே ஒன்று. சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்புக்கு மாற்றியதில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது (2021). சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. சில அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் மற்றவர்களும் கேட்டுவிட்டு மாறுவது நல்லது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தட்டில் இருக்கும்வரை எந்த உப்பை மாற்றினாலும் பலன் பாதிதான்.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தரும் பெண், மாதம் ஒரு முறை பெரியப்பா வீட்டுக்கு வருகிறார். வலது கை இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை. அதனால் இடது கையில்தான் அளக்கிறார். அவர் செருப்பைக் கழற்றும்போதே பெரியம்மா தொலைக்காட்சியை அணைத்து, மேசைமேல் தலையணை போட்டுக் கையை வைத்துவிடுகிறார். "ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது" என்று சொல்லி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.