விமானப் பயண நேரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டிக்கெட் ஆபீஸில் புதிதாகச் சேரும் பையன்கள் எல்லாரும், நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, காலாவதியான பாஸ்போர்ட் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். பயண நேரத்தில் வரும் குளறுபடிகளை மட்டும் சொல்கிறேன்.

கிலோமீட்டரை வேகத்தால் வகுப்பது

சென்னையில் இருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கி.மீ. துபாயும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. டைம்டேபிளிலோ நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். கேட்டை விட்டு நகர்ந்ததில் இருந்து அந்த ஊர் கேட்டில் போய் நிற்கும்வரை அதில் அடக்கம். தவிர, இணையத்தில் காட்டுவது நூல் பிடித்த தூரம். விமானம் அப்படிப் போவதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லி–லண்டன் நேரம் கூடிப்போனது. இணையத் தூரத்தில் ஒரு கி.மீ. மாறவில்லை.

இரண்டு பிஎன்ஆர் (முன்பதிவு எண்), ஒரே பயணம்

இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. சிட்னியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிற ஒரு அம்மா. கொஞ்சம் மலிவாக வருகிறதே என்று நம்ம பையன் சென்னை–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–சிட்னி வேறொரு டிக்கெட் என்று போட்டுவிட்டான். ராத்திரி 11.15-க்குக் கிளம்பினால் நாலே கால் மணி நேரம், 3.30-க்கு இறங்கிவிடும், அடுத்தது 7 மணிக்கு, தாராளமாக நேரம் இருக்கிறது என்பது அவன் எண்ணம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்தம்மா இறங்கும்போது அங்கே மணி 6. சிட்னி விமானத்துக்குக் கவுன்டர் மூடுவதும் அதே 6 மணிக்கு.

ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகாத விமானத்தில் போய் அடுத்ததைக் கோட்டை விட்டார். முதல் விமானக்காரர்கள், நேரத்துக்குத்தானே இறக்கினோம் என்றார்கள். இரண்டாவது டிக்கெட் நோ-ஷோ, அதாவது ஆள் வரவில்லை என்று கணக்கு; காசு போச்சு. மகள் அங்கிருந்து புது டிக்கெட் எடுத்தாள்; அன்றைய விலையைக் கேட்காதீர்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் பெட்டியும் தானாகப் போகாது. இமிகிரேஷன் தாண்டி வெளியே வந்து, எடுத்து, மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். அந்தம்மாவிடம் இருந்தது, பிழைத்தார்.

ஒரே பிஎன்ஆரில் போட்டால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போனாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. வேறு வழியில்லாமல் பிரித்துப் போட்டால், இறங்கும் ஊர் மணியை டிக்கெட்டில் பார்த்து எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.

போக ஒன்று, வர ஒன்று

லண்டன் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளும். அரை மணிக்கு மேலேயே வித்தியாசம் வரும்.

லண்டன் மணி

மார்ச் கடைசி ஞாயிறில் இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறுவரை லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். மற்ற நாளில் ஐந்தரை.

14-ம் தேதி, 00.20

டிக்கெட்டில் இப்படி இருந்தால் 13-ம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டில் இருக்கணும்.