ட்ரையாக் கேட் ரெசிஸ்டர்: மதிப்பை நாமே கணக்கிடுவது எப்படி?

ஆப்டோகப்ளர் (எல்இடி ஒளியால் சிக்னலைக் கடத்தி, இரு பக்கங்களையும் மின்சார ரீதியாகப் பிரிக்கும் சிப்) மூலம் ட்ரையாக்கை (ஏசி லோடை ஆன், ஆஃப் செய்யும் மின்னணு சுவிட்ச்) இயக்கும் சர்க்யூட்டுகளைத் தேடினால், ட்ரையாக்கை ஆன் செய்யும் கால் ஆகிய கேட்டுக்குப் போகும் ரெசிஸ்டர் ஒன்றில் 180 ஓம், இன்னொன்றில் 360, வேறொன்றில் 1 கிலோ ஓம் என்று இருக்கும். எதையும் அப்படியே எடுத்துப் போட வேண்டாம். இரண்டு டேட்டாஷீட்டுகளும் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) ஒரு வகுத்தலும் போதும், நமக்கான மதிப்பு கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக 230 வோல்ட் ஏசி, எம்ஓசி3051 ஆப்டோகப்ளர், பிடிஏ16-600பி ட்ரையாக் என்று வைத்துக்கொள்வோம். எம்ஓசி3021-க்கும் இதே கணக்குதான். ஆனால் அது தாங்குவது 400 வோல்ட் மட்டுமே. 230 வோல்ட் லைனின் உச்சமே 325 வோல்ட் என்பதால், 600 வோல்ட் தாங்கும் 3051-ஐயே நான் பரிந்துரைப்பேன்.

படி 1: எல்இடி பக்கம்

3051-இன் எல்இடிக்கு 15 மில்லிஆம்பியர் கொடுத்தால் எந்த 3051 சிப்பும் கட்டாயம் ஆன் ஆகும். நாம் கொடுக்கும் 5 வோல்ட்டிலிருந்து எல்இடியின் 1.3 வோல்ட்டைக் கழித்தால் 3.7. அதை எல்இடிக்குத் தொடராகப் போடும் ரெசிஸ்டரின் 220 ஓமால் வகுத்தால் சுமார் 17 மில்லிஆம்பியர். சரி, போதும். பலரும் 330 ஓம் போடுகிறார்கள். அதில் 11 மில்லிஆம்பியர்தான் வரும், ஒரு சிப்பில் வேலை செய்யும், அடுத்ததில் செய்யாது.

படி 2: கேட் ரெசிஸ்டரின் கீழ் எல்லை

3051 ஏசி அலையின் எந்தப் புள்ளியிலும் ஆன் ஆகும். அலை உச்சத்தில் இருக்கும்போது ஆனால், ட்ரையாக் விழித்துக்கொள்ளும் வரையிலான சில மைக்ரோ விநாடிகளுக்கு முழு வோல்டேஜும் இந்த ரெசிஸ்டரின் மேல்தான் விழும். ஆப்டோகப்ளர் தாங்கும் உச்ச மின்னோட்டம் 1 ஆம்பியர். லைன் 10 சதவீதம் கூடினால் 253 வோல்ட், அதன் உச்சம் 358. 358-ஐ 1-ஆல் வகுத்தால் 358 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 360, இல்லையென்றால் 390. 120 வோல்ட் லைனில் உச்சம் சுமார் 170 என்பதால்தான் அங்கே 180 ஓம் போடுகிறார்கள். அதே 180-ஐ 230 வோல்ட்டில் போட்டால் ஆப்டோகப்ளர் வழியாக 1.8 ஆம்பியர் பாயும்.

படி 3: மேல் எல்லை

பிடிஏ16-600பி-யின் கேட்டுக்கு அதிகபட்சம் 50 மில்லிஆம்பியர் தேவைப்படலாம். 360 ஓமில் அது 18 வோல்ட். ஆப்டோகப்ளரிலும் கேட்டிலும் இழக்கும் 4 வோல்ட்டைச் சேர்த்தால் 22. அதாவது, ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் லைன் 22 வோல்ட்டைத் தொட்ட பிறகே ட்ரையாக் ஆன் ஆகும். 50 ஹெர்ட்ஸில் அது 0.2 மில்லி விநாடி தாமதம், கண்ணுக்கே தெரியாது. 1 கிலோ ஓம் போட்டால் 54 வோல்ட் வரை காத்திருக்கும், தாமதம் அரை மில்லி விநாடியைத் தாண்டும். லைனில் இரைச்சலும் கூடும். ஆகவே கீழ் எல்லையை ஒட்டியே இருங்கள்.

படி 4: வாட்டும் வோல்ட்டும்

ட்ரையாக் ஆன் ஆனதும் ரெசிஸ்டரின் மேல் வோல்டேஜ் ஏறக்குறைய இல்லாமல் போகிறது, அதனால் சூடும் மிகக் குறைவு. ஆனாலும் அரை வாட் போடுங்கள். சாதாரண கால் வாட் ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கே வடிவமைக்கப்பட்டவை.

இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். 35 மில்லிஆம்பியர் மட்டுமே இழுக்கும் சின்ன லோடு என்றால், 50 கேட்கும் கேட் ஒருபோதும் திறக்காமல் போகலாம். லோடு என்னவோ ஓடும். ஆனால் அதன் மின்னோட்டம் முழுவதும் ஆப்டோகப்ளர், ரெசிஸ்டர், கேட் வழியாகவே போகும். 360 ஓமில் அது 0.44 வாட். ரெசிஸ்டர் கொதிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சின்ன லோடுக்கு 10 மில்லிஆம்பியரில் திறக்கும் பிடி136-600இ போன்றதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: இணைப்பு

கேட் தவிர ட்ரையாக்குக்கு எம்டி1, எம்டி2 என்று இரண்டு கால்கள் உண்டு. கேட் ரெசிஸ்டர் எம்டி2 பக்கத்திலிருந்து ஆப்டோகப்ளரின் 6-ஆம் காலுக்குப் போக வேண்டும், 4-ஆம் கால் கேட்டுக்கு. எம்டி1-இலிருந்து எடுத்தால் ட்ரையாக் ஆனே ஆகாது. 5-ஆம் காலை எதனுடனும் இணைக்காதீர்கள். கேட்டுக்கும் எம்டி1-க்கும் இடையே 330 ஓம் ஒன்று சேர்த்தால், இரைச்சலில் தானாக ஆன் ஆவது குறையும்.

முதல் சோதனையை ஃபியூஸ் போட்டு, 60 வாட் இழை பல்புடன் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றாமல் எதையும் தொடாதீர்கள், கேட் பக்கம் முழுவதும் நேரடி லைன்தான். மோட்டார் போன்ற லோடு என்றால், ட்ரையாக்குக்குக் குறுக்கே 39 ஓமும் 0.01 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (ஏசி லைனுக்கான பாதுகாப்பு வகை) கெப்பாசிட்டரும் தொடராகச் சேர்த்த பிறகே இணையுங்கள்.