நூலோவியத்தைப் பக்கவாட்டில் பாருங்கள்

காகிதம், நூல் போன்ற மென்மையான பொருள்களால் ஆன கண்காட்சிக்குப் போனால், சுவர்க் குறிப்பைப் பிறகு படியுங்கள். படைப்பே முதலில் பேசட்டும். சிங்கப்பூரின் ராபர்ட்சன் கீயிலுள்ள எஸ்டிபிஐ (STPI) அச்சுக்கலைப் பட்டறையில் தென்கொரியக் கலைஞர் தோ ஹோ சு நூலோவியங்களை உருவாக்கினார். கரையும் ஜெலட்டின் தாளில் தைத்து, ஈரமான காகிதக்கூழில் பதித்தவை அவை. நேரே நின்றால் வெறும் கோடுகள். சற்றுச் சாய்ந்து பாருங்கள், பிசிறிய நூல் முனைகள் வேர்களாகத் தெரியும். வீட்டைத் தன்னோடு சுமந்து திரிவதே அவருடைய பாடுபொருள். ஊர்விட்டு இங்கு வந்தவர்களுக்கு அது சட்டென்று நெஞ்சில் தைக்கும். தாளைக் காக்கப் பெரும்பாலும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கே மங்கலாக ஒளி வைப்பார்கள். வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் பழக இரண்டு நிமிடம் நில்லுங்கள். முதுகுப்பையை மட்டும் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.